விண்வெளிப் பிளாஸ்மா கரும்பொருளுக்கு ஈடாகுமா? நான்கு விடைகள், ஒரே தராசு

ஒளிராத, ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும் கரும்பொருளைப் பற்றி எங்கே பேசினாலும் கடைசியில் ஒரு கை உயர்கிறது. "நாம் பார்க்கும் விண்மீன்களும் அவற்றுக்கு இடையிலுள்ள வாயுவும் பெரும்பாலும் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் அணுக்களிலிருந்து பிரிந்து ஓடும் வாயு, என்கிறீர்கள். பிளாஸ்மா மின்சாரத்தைக் கடத்தும், காந்தப்புலத்தைச் சுமக்கும். ஒரு புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே மின்விசை ஈர்ப்பைவிட 10³⁹ மடங்கு வலியது. அப்படியிருக்க, கேலக்ஸிகள் வேகமாகச் சுழல்வதை விளக்க, யாருமே பார்த்திராத ஒரு பொருளை ஏன் கொண்டுவர வேண்டும்?" போன மாதம் இதைக் கேட்டவள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. அதற்கு முன் கேட்டவர் மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர். இருவருமே காணொளிகள் பார்த்து, இரண்டு பக்க வாதத்தையும் கேட்டு, எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றவர்கள்.

நியாயமான கேள்வி இது. "விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள்" என்று கையை உதறிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதனால் சந்தையில் இருக்கும் விடைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். பிளாஸ்மா என்ற விடையே உண்மையில் இரண்டு விடைகள். பிளாஸ்மாவின் மின்காந்த விசை கேலக்ஸிகளைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது ஒன்று. நம் கண்ணில் படாத பிளாஸ்மாவின் நிறைதான் காணாமல்போன நிறை என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதி வாதங்கள் முடிவில்லாமல் ஓடுகின்றன. இவற்றோடு ஈர்ப்பு விதியைத் திருத்தும் வழியும், புதிய துகள் என்னும் வழியும் சேர்ந்து மொத்தம் நான்கு.

## முதலில் தராசு

எந்த விடையாக இருந்தாலும் கீழ்க்கண்ட ஐந்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சுழற்சி. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் சுழற்சியை அளந்தார்கள். மையத்தை விட்டு விலக விலக வேகம் குறைய வேண்டும், குறையவில்லை. 1978இல் ஆல்பர்ட் போஸ்மா நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, விண்மீன்களே அரிதாகிவிட்ட வெளிவிளிம்பு வரை ஹைட்ரஜன் வாயுவைப் பின்தொடர்ந்தார். அங்கேயும் வேகம் தட்டையாகவே நீண்டது.

கொத்துகள், அதாவது ஈர்ப்பால் கூடி நிற்கும் கேலக்ஸிக் கூட்டங்கள். இது இன்னும் பழைய புதிர். 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்திலுள்ள கேலக்ஸிகளின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, ஒளிரும் பொருளைப்போல் நானூறு மடங்கு பொருள் இருந்தாலொழிய அந்தக் கொத்து சிதறிப்போயிருக்கும் என்றார். அன்றைய தூரக் கணக்குகள் தவறாக இருந்ததால் அந்த எண் பெருத்துவிட்டது. புதிர் மட்டும் கரையவில்லை.

ஒளியின் வளைவு. கேலக்ஸிக் கொத்துகள் தமக்குப் பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளியை வளைத்து வில்போல் நீட்டிக் காட்டுகின்றன. வளைவின் அளவைக் கொண்டு நிறையை நேரடியாகக் கணக்கிடலாம். இதில் எந்தப் பொருளும் ஓட வேண்டியதில்லை, சுழல வேண்டியதில்லை.

குழந்தைப் பருவப் படம். அண்ட நுண்ணலைப் பின்னணி, அதாவது தொடக்க அண்டத்திலிருந்து மிஞ்சி இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒளி. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து எடுத்த படம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் இருக்கும் மேடுபள்ளங்கள் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு அளவே.

மறைசெலவு. ஒரு விடையை ஏற்றுக்கொண்டால், கூடவே வேறு எதையெல்லாம் நம்ப வேண்டிவரும்? வீடு வாங்கும்போது பத்திரச் செலவைக் கேட்பது போல இதையும் கேட்டுவிட வேண்டும்.

## விடை ஒன்று: பிளாஸ்மா, விசையாக

இதைச் சொன்னவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பிளாஸ்மாவும் காந்தப்புலமும் சேர்ந்து நடக்கும் விதத்துக்குக் கணிதம் வகுத்த ஹான்ஸ் ஆல்வேன் 1970இல் நோபல் பரிசு பெற்றவர்; அண்டத்தின் பெரிய அமைப்புகளை மின்னோட்டங்களே வடிவமைக்கின்றன என்று கடைசிவரை வாதிட்டார். அவர் வழியில் வந்த லாஸ் அலமாஸ் ஆய்வாளர் அந்தோணி பெராட், 1986இல் இரண்டு பெரும் மின்னோட்ட இழைகள் ஒன்றையொன்று ஈர்த்துச் சுழல்வதைக் கணினியில் ஓட்டினார். திரையில் வந்த உருவங்கள் சுருள் கேலக்ஸிகளைப் போலவே இருந்தன. 1992இல் ஸ்பெயினின் எட்வார்டோ பட்டனேரும் கூட்டாளிகளும் இன்னும் அடக்கமான கோரிக்கை ஒன்றை வைத்தார்கள்: கேலக்ஸியின் வெளிவிளிம்பில் வாயுவைக் காந்தப்புலம் இழுத்துப் பிடிக்கலாம், அதைக் கரும்பொருள் என்று நாம் தவறாகப் படிக்கலாம். விளிம்பில் வாயு மிக மெல்லியது, ஆகவே காந்தப்புலத்தின் பேச்சு அங்கே எடுபட வாய்ப்புண்டு. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் வாயு மட்டும் வேகமாகச் சுற்றவில்லை. விண்மீன்களும் அதே வேகத்தில் சுற்றுகின்றன. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

சூரியனையே எடுத்துக்கொள்வோம். பால்வெளியின் மையத்தைச் சுற்றி விநாடிக்குச் சுமார் 230 கி.மீ. வேகத்தில் போகிறது. அதற்குத் தேவைப்படும் இழுப்பில் பாதியைக் காந்தவிசை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் பால்வெளியின் காந்தப்புலம் 5 மைக்ரோகாஸ் அளவு. பூமியின் புலத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு. அத்தனை மெல்லிய புலம் சூரியனைப் பிடிக்க வேண்டுமானால் சூரியன்மேல் சுமார் 2 × 10²⁴ கூலும் மின்னூட்டம் ஏற வேண்டும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: அவ்வளவு மின்னூட்டம் ஏறினால் ஒரே இனத்து மின்னூட்டங்களின் விலக்கல் ஆற்றல், சூரியனைக் கட்டி வைத்திருக்கும் ஈர்ப்பு ஆற்றலைப்போல் கோடிக்கணக்கான மடங்காகிவிடும். சூரியன் அந்தக் கணமே சிதறும். உண்மையில் சூரியன் மின்நடுநிலையானது. பிளாஸ்மாவில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சரிசமமாக இருப்பதால், அந்த 10³⁹ என்ற எண் பெருந்தொலைவுகளில் தன்னைத்தானே ரத்து செய்துகொள்கிறது. மாணவியின் கேள்விக்குக் குறுகிய பதில் இதுதான். வலிமையான விசையாக இருந்தாலும், ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒரு கழித்தல் பக்கத்திலேயே நிற்கிறது. ஈர்ப்புக்குக் கழித்தல் இல்லை.

திசையும் ஒத்துழைக்கவில்லை. காந்தப்புலத்தின் போக்கிலேயே ஓடும் மின்னூட்டத்தின்மேல் விசையே இல்லை என்று பள்ளியில் படித்திருப்போம். பால்வெளித் தட்டில் காந்தப்புலக் கோடுகள் பெரும்பாலும் சுருள் கரங்களை ஒட்டியே, அதாவது விண்மீன்கள் சுற்றும் திசைக்கு நெருக்கமாகவே ஓடுகின்றன.

சரி, விண்மீன்களை விட்டுவிட்டு வாயுவை மட்டும் பார்த்தால்? நம் பகுதியில் கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு என்று கொண்டால், வாயுவின் சுழற்சி ஆற்றல் காந்தப்புல ஆற்றலைப்போல் நானூறு மடங்குக்கு மேல். குதிரை வண்டியை இழுக்கிறது; வண்டிமேல் ஒட்டிய தூசிதான் காந்தப்புலம்.

இந்த விடையின் மறைசெலவை முதலில் கணக்குப் பார்த்துச் சொன்னவர்களில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் ஒருவர். 1953இல் அவரும் என்ரிகோ ஃபெர்மியும் சேர்ந்து, காந்தப்புலமுள்ள ஒரு வாயுத்தொகுதி ஈர்ப்பால் நிலைத்திருக்க வேண்டிய நிபந்தனையை எழுதினார்கள். மொத்தக் காந்த ஆற்றல் வெளியே தள்ளும் பக்கத்தில்தான் கணக்கில் சேருகிறது. ஓரிடத்தில் புலக்கோடுகள் ரப்பர்போல் உள்ளே இழுக்கலாம். அதற்கான விலையை வேறோர் இடத்தில் அழுத்தமாகக் கட்டியாக வேண்டும். ஓய்வுபெற்ற பொறியாளருக்கு இதை விளக்க நேரம் ஆகவில்லை. ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது டிரான்ஸ்ஃபார்மரின் வெளிச்சுருள் வெளிப்பக்கமாகப் பிதுங்குவதைப் பார்த்தவர் அவர். "அப்படியென்றால் புலம் பெரிதாகப் பெரிதாக, அதைப் பிடித்து வைக்க இன்னும் அதிக எடை வேண்டுமே" என்றார். ஆம். காணாமல்போன நிறையை மிச்சம் பிடிக்கப் போன விடை, அதைக் கூட்டிவிடுகிறது.

கடைசியாக, டிராக்கோ என்ற குட்டி கேலக்ஸி. நம்மிடமிருந்து சுமார் 2.6 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் பால்வெளியைச் சுற்றி வருகிறது. 1983இல் மார்க் ஆரன்சன் அதில் மூன்றே மூன்று கார்பன் விண்மீன்களின் வேகத்தை அளந்து, இதில் காணாத நிறை மிகுதி என்று சொன்னார். பலரும் நம்பத் தயங்கினார்கள். பின்னால் நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளந்தபோது அவர் சொன்னதே நின்றது. டிராக்கோவில் வாயு ஏறக்குறைய இல்லவே இல்லை. பிளாஸ்மாவே இல்லாத ஊரில், மின்நடுநிலையான விண்மீன்கள், வேண்டியதைவிட வேகமாக ஓடுகின்றன. பிளாஸ்மா விசையால் இதைத் தொடவே முடியாது.

## விடை இரண்டு: பிளாஸ்மா, நிறையாக

இதைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை உரக்கச் சொல்ல வேண்டும்: இந்த விடை பாதி வென்ற விடை. ஸ்விக்கி தேடிய நிறையில் ஒரு பகுதி உண்மையிலேயே பிளாஸ்மாதான்.

1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையோர மேடையிலிருந்து உஹுரு என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கோமா, பெர்சியஸ் போன்ற கொத்துகள் முழுவதும் எக்ஸ் கதிரில் ஒளிர்வதை அது காட்டியது. கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளி காலியாக இல்லை. பத்துக் கோடி பாகையை எட்டும் வெப்பத்தில் மெல்லிய பிளாஸ்மா நிரம்பியிருக்கிறது. பெரிய கொத்துகளில் இந்தப் பிளாஸ்மாவின் நிறை, அங்குள்ள எல்லா விண்மீன்களின் நிறையையும் சேர்த்தாலும் அதைப்போல் பல மடங்கு. கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்று இருந்தது, அது பிளாஸ்மா, அதைக் கண்டுபிடித்தோம், கணக்கில் சேர்த்தோம். பிளாஸ்மாவை யாரோ மறைத்துவிட்டார்கள் என்று பேசுபவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

சேர்த்த பிறகும் கணக்கு இடித்தது. பத்துக் கோடி பாகையில் கொதிக்கும் பிளாஸ்மா ஓரிடத்தில் நிற்க விரும்பாது. அதை ஓடவிடாமல் பிடித்து வைக்க எவ்வளவு ஈர்ப்பு வேண்டும் என்பதை அதன் வெப்பநிலையே சொல்லிவிடுகிறது. விடை: பிளாஸ்மாவையும் விண்மீன்களையும் சேர்த்தால் வருவதைப்போல் ஐந்தாறு மடங்கு நிறை. குற்றம் சாட்டப்பட்டு வந்த பிளாஸ்மா, கூண்டில் ஏறியதும் சாட்சியாகிவிட்டது.

இன்னும் குளிர்ந்த, இன்னும் மெல்லிய பிளாஸ்மா எங்காவது பதுங்கியிருக்கலாமே? பதுங்கியும் இருந்தது. தொடக்க அண்டத்தில் எவ்வளவு சாதாரணப் பொருள், அதாவது அணுக்களுக்கான பொருள், உருவானது என்பதைக் கனமான ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தின் அளவு சொல்கிறது. சாதாரணப் பொருள் அதிகமாக இருந்திருந்தால் டியூட்டீரியம் எரிந்து ஹீலியமாகியிருக்கும். இன்று பழைய வாயு மேகங்களில் ஹைட்ரஜன் அணு ஒரு இலட்சத்துக்கு இரண்டரை என்ற கணக்கில் அது மிஞ்சியிருக்கிறது. இந்தக் கணக்குப்படி இருக்க வேண்டிய சாதாரணப் பொருளில் கணிசமான பகுதி பல ஆண்டுகள் அகப்படவில்லை. 2020இல் ரேடியோ வெடிப்புகளைக் கொண்டு அதைப் பிடித்தார்கள். தொலைதூர கேலக்ஸியிலிருந்து ஆயிரத்தில் சில பங்கு விநாடி மட்டும் வரும் ரேடியோத் துடிப்பு, வழியிலுள்ள பிளாஸ்மாவைக் கடக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்கள் பின்தங்குகின்றன. எவ்வளவு பின்தங்கின என்று பார்த்தால் வழியில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று எண்ணிவிடலாம். சூடோ குளிரோ, ஒளிருமோ ஒளிராதோ, எலக்ட்ரான் இந்த எண்ணிக்கையிலிருந்து தப்பாது. எண்ணிப் பார்த்ததில் டியூட்டீரியம் சொன்ன தொகையே வந்தது. அளவீட்டின் பிழை வரம்புக்குள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்டத்தின் மொத்த இருப்பில் சாதாரணப் பொருள் சுமார் 5 விழுக்காடு, கரும்பொருள் சுமார் 27 விழுக்காடு. பிளாஸ்மாவின் பங்கு அந்த ஐந்துக்குள் முழுதாக அடங்கிவிட்டது.

அடுத்தது ஒளியின் வளைவு. பிளாஸ்மாவும் ஒளியை வளைக்கும். 1987இல் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பில், பால்வெளியிலுள்ள பிளாஸ்மா முடிச்சு ஒன்று தொலைதூர ரேடியோ மூலத்தின் முன்னால் கடந்தபோது அதன் பொலிவைத் தாறுமாறாக ஏற்றி இறக்கியது தெரிந்தது. ஆனால் அலைநீளம் இரட்டித்தால் பிளாஸ்மாவின் வளைவு நான்கு மடங்காகும். கண்ணால் காணும் ஒளியில் அது கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியது. கொத்துகள் வளைக்கும் ஒளியோ எல்லா நிறத்திலும் ஒரே அளவு வளைகிறது. அது ஈர்ப்பின் கையெழுத்து.

இந்த வளைவைக் கொண்டுதான் 2006இல் தோட்டா கொத்து என்று பெயர்பெற்ற இடத்தில் நேருக்கு நேர் சோதனை நடந்தது. இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போன இடம் அது. விண்மீன்களுக்கு நடுவே இடைவெளி மிகுதி, ஆகவே கேலக்ஸிகள் மோதாமல் கடந்துவிட்டன. பிளாஸ்மா அப்படிக் கடக்க முடியாமல் ஒன்றோடொன்று முட்டி, அதிர்வலை எழுந்து, நடுவில் பின்தங்கியது. அதைத் தெளிவாகப் படம்பிடித்தது சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி. இப்போது கேள்வி எளிது: ஒளி எங்கே அதிகம் வளைகிறது? விண்மீன்களைவிடப் பல மடங்கு நிறைகொண்ட பிளாஸ்மா நடுவில் இருக்கிறது. நிறை என்பது பிளாஸ்மாதான் என்றால் வளைவும் நடுவில் இருக்க வேண்டும். வளைவு அங்கே இல்லை. கேலக்ஸிகளோடு சேர்ந்து இரு பக்கமும் விலகிப் போய்விட்டது.

நேர்மைக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏபல் 520 என்ற மோதும் கொத்தில், 2007இல் ஒரு குழு, வளைவின் உச்சம் ஒன்று பிளாஸ்மாவின் மேலேயே இருக்கிறது என்று அறிவித்தது. 2012இல் வேறொரு குழு அதே இடத்தை ஆராய்ந்து, அப்படி உச்சம் எதுவும் இல்லை என்றது. அந்த வழக்கு தோட்டா கொத்து அளவுக்குத் தெளிவாக முடியவில்லை. பிளாஸ்மா பக்கம் நிற்பவர்கள் கையில் எடுக்கக்கூடிய ஒரே வலுவான ஆவணம் அதுதான் என்பேன். ஆனால் அடுத்த சான்றின் முன்னால் அதுவும் துணைக்கு வராது.

அண்டம் பிறந்து முதல் 3,80,000 ஆண்டுகள், நாம் பார்க்கும் எல்லாப் பொருளும் பிளாஸ்மாவாக மட்டுமே இருந்தது. விண்மீன் இல்லை, கேலக்ஸி இல்லை, நடுநிலை அணு இல்லை. எலக்ட்ரானும் புரோட்டானும் ஹீலியம் உட்கருவும் ஒளியோடு பின்னிப் பிணைந்த ஒரே குழம்பு. "பிளாஸ்மா மட்டும் போதும்" என்ற கொள்கையை உரசிப் பார்க்க இதைவிடத் தூய ஆய்வுக்கூடம் கிடைக்காது; அதன் படமோ நம் கையில் இருக்கிறது. அந்தக் குழம்பில் ஈர்ப்பு உள்ளே இழுக்க, ஒளியின் அழுத்தம் வெளியே தள்ள, ஒலி அலைகள் எழுந்தன. அலைகளின் தடம் நுண்ணலைப் பின்னணியில் அடுத்தடுத்த முகடுகளாகப் பதிந்திருக்கிறது. ஒளியால் தள்ளப்படும் பொருள் மட்டுமே இருந்திருந்தால் முகடுகள் வரிசையாகத் தாழ்ந்துகொண்டே போயிருக்கும். பிளாங்க் செயற்கைக்கோள் அளந்ததில் மூன்றாவது முகடு இரண்டாவதற்குக் கிட்டத்தட்ட ஈடாக நிமிர்ந்து நிற்கிறது. அலையோடு ஆடாமல், ஒளியின் தள்ளலுக்கு மசியாமல், ஈர்ப்பால் மட்டும் பள்ளம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பொருள் அப்போதே இருந்தால்தான் இது நடக்கும். மின்னூட்டமுள்ள எதுவும் ஒளிக்கு மசியாமல் இருக்க முடியாது. பிளாஸ்மா என்ற சொல்லின் பொருளே அதுதானே.

இதே படத்திலிருந்து இன்னொரு சின்னக் கணக்கு. மேடுபள்ளம் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு. அன்றிலிருந்து அண்டம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. ஈர்ப்பால் மேடுகளும் ஏறக்குறைய அதே மடங்குதான் வளர முடியும். பெருக்கினால் ஒரு விழுக்காடு. ஒரு விழுக்காடு மேட்டிலிருந்து கேலக்ஸி பிறக்காது. பிளாஸ்மா மட்டுமே இருந்த அண்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க நாம் இருந்திருக்க மாட்டோம்.

## விடை மூன்று: ஈர்ப்பு விதியைத் திருத்துவது

1983இல் மோர்டெகாய் மில்க்ரோம் வைத்த யோசனை இது, மாண்ட் என்பார்கள். முடுக்கம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் ஈர்ப்பு நியூட்டன் சொன்னதைவிட மெதுவாகக் குறைகிறது. அந்த எல்லை 1.2 × 10⁻¹⁰ மீ/வி². பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் சுமார் 8,000 கோடியில் ஒரு பங்கு.

தனி கேலக்ஸிகளில் இந்த ஒற்றை எண் காட்டும் துல்லியம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கேலக்ஸியின் சாதாரணப் பொருளின் நிறையைச் சொன்னால் விளிம்பின் வேகம் வந்துவிடுகிறது: வேகத்தின் நான்காம் அடுக்கு நிறைக்கு நேர்விகிதம். கரும்பொருள் ஆதரவாளர்கள் இதை இன்னும் முழு மனதோடு விளக்கியதாக நான் நினைக்கவில்லை.

செலவு கொத்துகளில் தொடங்குகிறது. மாண்ட் போட்டாலும் அங்கே இரண்டு மடங்கு நிறை துண்டு விழுகிறது, ஆகவே ஏதோ ஒரு காணாத பொருளை அதுவும் கடன் வாங்க வேண்டும். சார்பியலோடு பொருந்த எழுதிய பழைய வடிவம் ஒன்று 2017இல் விழுந்தது: இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 விநாடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. அந்த வடிவத்தின்படி அப்படி வந்திருக்கக் கூடாது. 2021இல் வந்த புதிய வடிவம் நுண்ணலைப் பின்னணிக்குப் பொருந்துகிறது. ஆனால் அதில் சேர்த்திருக்கும் புதிய புலம், தொடக்க அண்டத்தில் கரும்பொருளைப்போலவே நடந்துகொள்கிறது.

## விடை நான்கு: இன்னும் பிடிபடாத துகள்

ஒளியோடு உறவில்லாத, மெதுவாக நகரும், ஈர்ப்புள்ள துகள். தராசின் முதல் நான்கு தட்டுகளிலும் இது ஒருசேர நிற்கிறது. அதே ஐந்து மடங்கு என்ற விகிதம் கொத்துகளின் வெப்பத்திலிருந்தும், ஒளியின் வளைவிலிருந்தும், நுண்ணலை முகடுகளிலிருந்தும் தனித்தனியே வருகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று அளவுகோல்கள் ஒரே எண்ணைச் சொல்வதைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

மறைசெலவு பெரியது, ஒளிக்காமல் சொல்கிறேன். துகளை யாரும் பிடிக்கவில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோடாவில், பழைய தங்கச் சுரங்கத்தில், ஏறக்குறைய ஒன்றரைக் கி.மீ. ஆழத்தில், 10 டன் திரவ ஜீனானை வைத்துக் காத்திருக்கும் லக்ஸ்-ஜெப்லின் கருவி 2024இல் 280 நாள் தரவை வெளியிட்டது. ஒன்றும் இல்லை. பல ஆண்டுகளாக முன்னணியில் இருந்த கனமான துகள் வகைக்கு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆக்சியான் போன்ற மிக இலேசான துகள்களின் பக்கம் தேடல் நகர்கிறது. துகளின் நிறையை ஏறத்தாழ விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற தாராளமும் ஒரு பலவீனம்தான்.

பிளாஸ்மாவை விட மனமில்லாதவர்களுக்கு இங்கே ஒரு திண்ணை உண்டு. கரும்பொருளுக்குத் தனக்கே உரிய ஒரு கரும் மின்னூட்டம் இருந்து, அது தனக்குள் ஒரு கரும் பிளாஸ்மாவாக நடக்கலாமா என்று 2008 முதல் ஆராய்கிறார்கள். மோதும் கொத்துகளில் கரும்பொருள் ஏறக்குறைய உரசாமல் கடந்துபோவது அதற்குக் கடுமையான வரம்பு போடுகிறது. ஆனாலும் கதவு மூடவில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிளாஸ்மா விசை | பிளாஸ்மா நிறை | மாண்ட் | புதிய துகள் |
|---|---|---|---|---|
| வாயுவின் சுழற்சி | விளிம்பில் சிறிது உதவலாம் | போதாது | மிக நன்று | நன்று |
| விண்மீன்களின் சுழற்சி | இல்லை | போதாது | மிக நன்று | நன்று |
| டிராக்கோ போன்றவை | இல்லை | பிளாஸ்மாவே இல்லை | ஓரளவு இழுபறி | நன்று |
| கொத்துகள் | இல்லை | ஆறில் ஒரு பங்கு அளவுக்கு | இரண்டு மடங்கு துண்டு | நன்று |
| ஒளியின் வளைவு | இல்லை | இடமே மாறிப்போகிறது | கூடுதல் புலம் வேண்டும் | நன்று |
| நுண்ணலை முகடுகள் | இல்லை | முரண் | புதிய வடிவத்தில் மட்டும் | மிக நன்று |
| மறைசெலவு | பிடித்து வைக்க இன்னும் நிறை | டியூட்டீரியக் கணக்கு உடையும் | கடன் வாங்கிய பொருள் | பிடிபடாத துகள் |

## யாருக்கு, எப்போது, எது

கேலக்ஸி ஒன்றின் ஒளியை மட்டும் வைத்து அதன் சுழற்சியை ஊகிக்க வேண்டுமா? மில்க்ரோமின் சூத்திரத்தை எடுங்கள். கரும்பொருளை நம்புகிறவர்களும் அதைச் செய்யலாம். சூத்திரம் ஏன் பலிக்கிறது என்பது வேறு கேள்வி. கொத்துகள், ஒளியின் வளைவு, அண்டத்தின் வளர்ச்சி என்று வந்தால் கரும்பொருள் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

விண்மீன்கள் எப்படிப் பிறக்கின்றன, கருந்துளைகளிலிருந்து தாரைகள் எப்படிப் பீறிடுகின்றன, சூரியனின் மேற்பரப்பைவிட அதன் வெளிவளையம் ஏன் பன்மடங்கு சூடாக இருக்கிறது என்பவை உங்கள் கேள்விகளானால் பிளாஸ்மாவை விட்டு அகலாதீர்கள். அங்கே ஈர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு பேசுபவர்தான் தவறுவார். ஆல்வேனின் கணிதம் அந்த இடங்களில் அன்றாடக் கருவி.

எந்தக் காணொளியை நம்புவது என்ற குழப்பத்துக்கு என்னிடம் ஒரே ஒரு சோதனை இருக்கிறது. பிளாஸ்மா போதும் என்பவர் டிராக்கோவையும் மூன்றாவது முகட்டையும் எடுத்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். சுருள் கேலக்ஸிகளின் படங்களையும் ஆய்வுக்கூட மின்பொறிகளின் படங்களையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒற்றுமையை மட்டும் காட்டினால், அவர் தராசின் ஒரு தட்டையும் தொடவில்லை.

மாணவிக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது: பிளாஸ்மா விடை தோற்றுவிட்டதென்றால் அதைப் படிப்பதில் பயன் உண்டா? உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில், மலைச்சரிவையே பூமியின் அச்சுக்கு இணையாகப் பயன்படுத்தி, 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மாக் காற்றின் ஊடே தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுக்குவதை அளந்து, அந்தக் காற்றின் வேகத்தையும் அடர்த்தியையும் அங்கே கணிக்கிறார்கள். பிளாஸ்மா ரேடியோ அலையை எப்படித் தொந்தரவு செய்கிறது என்ற அதே இயற்பியல்தான் 2020இல் காணாமல்போன சாதாரணப் பொருளை எண்ணிக் கொடுத்தது. வரும் விடுமுறையில் அப்பாவோடு உதகை போகப் போவதாகச் சொன்னாள். படகுச் சவாரியை விட்டுவிட்டு முதலில் முத்தோரைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.